எட்னாவுக்குப் பெயர் கிடைத்த நான்கு நிமிடம்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடை ஒன்று. என் போனின் திரை உடைந்துவிட்டது. மாற்றித்தர ஒரு மணித்தியாலம் ஆகும் என்று சொல்லி என்னையும் தோழியையும் வாங்கிலில் இருத்திவிட்டார்கள். சுவரில் ஒரு தொலைக்காட்சி, சத்தம் இல்லாமல் ஓடியது. கொழும்புத் தமிழ் அலைவரிசை ஒன்று, விரைவில் வரப்போகும் பழைய அமெரிக்கத் தொடருக்கு முன்னோட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளை. தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, துளைகள் நிறைந்த பெரிய பலகைக்கு முன்னால் இருந்து வயர்களைப் பிடுங்குவதும் செருகுவதுமாக இருந்தாள். அவள் நெஞ்சில் தொங்கிய கருவியிலிருந்து புனல் போல ஒரு பேசுகுழாய் மேலே வளைந்து வாயை முழுக்க மறைத்திருந்தது. கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண்ணைப் பார்த்ததும் அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஓம், சொல்லுங்கோ. இல்லை, உங்கடை அவர் அங்கை இல்லை. அவரும் இப்பதான் எடுத்து, நீங்கள் எங்கையெண்டு கேட்டவர்."

தோழிக்காக மெதுவாகத்தான் சொன்னேன். கடைக்காரர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். முன்னோட்டம் மறுபடி மறுபடி வர நானும் மறுபடி மறுபடி கதைத்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வசனம். என் போன் திருத்தி முடிந்து நான் எழும்பியபோது, தன்னுடையதற்காகக் காத்திருந்த ஒரு ஐயா, தொலைக்காட்சியைக் காட்டி, "ஏன் தங்கச்சி, உவவை ஊமையாக்கிப்போட்டுப் போறியோ?" என்று கேட்டார்.

அன்று பின்னேரமே அந்த அலைவரிசைக்கு மின்னஞ்சல் எழுதினேன்.

எனக்கு இப்போது இருபத்தொன்பது வயது. குரல் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்றால் அம்மாவே சிரிக்கிறார். ஆனால் ஐந்து வருடம் ஒரே ஒரு பெண்ணின் குரலாக இருந்து, அவள் பேசிய கடைசி வசனம் வரைக்கும் பேசி முடித்துவிட்டு வந்தவளை வேறு எப்படிச் சொல்வது? இப்போது அந்த அலைவரிசை கணினிக் குரலுக்கு மாறிவிட்டது. எழுத்தைக் கொடுத்தால் சில நிமிடத்தில் குரல் வந்துவிடுகிறது. சென்ற மாதம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஊடகக் கல்வி படிக்கும் பிள்ளைகள் சிலர் வந்து, இனி இந்த வேலையைப் பழகி என்ன பயன் என்று கேட்டார்கள். வாயால் சொன்னேன். எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். இடையிடையே கொஞ்சம் பெருமையடிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மின்னஞ்சலுக்கு மூன்று வரியில் பதில் வந்தது. தமிழாக்கத்தைச் சென்னைக்கு அனுப்புவதாக இருக்கிறார்களாம். யாழ்ப்பாணத்தில் ஒலிப்பதிவுக்கூடம் எதுவும் பொறுப்பெடுத்தால் முதல் பாதியை மட்டும் தந்து பார்ப்பார்களாம். பலாலி வீதியிலிருந்து இரண்டு வீடு உள்ளே தள்ளி, மேல்மாடியில், திருமண வீடியோக்களுக்கும் கோயில் அறிவித்தல்களுக்கும் ஒலி சேர்த்துக்கொண்டிருந்த பவானி அக்காவின் கூடத்துக்குச் சைக்கிளில் போய் நின்றேன். மாதிரிக்கு ஒரு காட்சி பேசிக் காட்டினேன். அவர் உடனேயே கொழும்புக்குப் போன் எடுத்தார்.

பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆறு கிழமை, சரியான இடத்தில் மூச்சு எடுக்கப் பழகினேன். அவ்வளவுதான்.

அந்த நடிகையின் பெயர் வெல்மா ட்ரெஸ்கொட். இன்று அமெரிக்காவிலேயே அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. நான் இணையத்தில் கிடந்த பழைய சஞ்சிகைகளை ஒவ்வொரு பக்கமாகத் தோண்டி அவருடைய வாழ்க்கையைச் சேர்த்தேன். பஞ்சாலை ஊர் ஒன்றில் பிறந்தவர். தாய் உண்மையிலேயே தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்தவர். பள்ளிக்கூடம் விட்டால் தாயின் கதிரைக்குக் கீழே இருந்துதான் வீட்டுப்பாடம் செய்வாராம். ஊரிலுள்ளவர்கள் எப்படிக் கதைப்பார்கள், எந்த இடத்தில் பொய் சொல்வார்கள் என்பதெல்லாம் அந்தக் கதிரையின் கீழே படித்தது. பிறகு நியூயோர்க். வானொலி நாடகங்களில் சின்னச் சின்ன வேடங்கள். தொலைக்காட்சி வந்தபோது, முகம் போதாது என்று இரண்டு இடங்களில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாவது இடத்தில் வாயை மறைக்கும் வேடம் கிடைத்தது. கண்ணை வைத்தே பார்ப்பவர்களைக் கட்டிப்போட்டார்.

ஐம்பதுகளின் தொடர் அது. எல்லாம் நேரடி ஒளிபரப்பு. பிழை விட்டால் நாடே பார்க்கும். அந்த ஒளிபரப்பைத் திரையிலிருந்து அப்படியே படச்சுருளில் பிடித்து வைத்திருந்தார்கள். அதுதான் எங்களிடம் வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொடரில் வெல்மாவின் பாத்திரத்துக்குப் பெயர் கிடையாது. எல்லோருக்கும் அவள் வெறும் 'ஒப்பரேற்றர்', இணைப்புக் கொடுப்பவள்.

எங்கள் கூடத்தில் மூன்று பேர். பவானி அக்கா இயக்கம். நான் தமிழாக்கமும் வெல்மாவின் குரலும். குருநகர் ஜெறாட் அண்ணை ஒலிப்பதிவோடு இணைப்பக மனேஜரின் குரலும். தொடரை விற்றவர்கள் ஒவ்வொரு பகுதிக்கும் தட்டச்சு செய்த வசனப் பிரதியை அனுப்புவார்கள். நான் அதைத் தமிழாக்குவேன். ஜெறாட் அண்ணை படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, சத்தத்தைக் கேட்காமலே எடுத்துவிட்டுத் தருவார். மூல ஒலியை நான் கேட்கக் கூடாது. அது பவானி அக்காவின் சட்டம். "அவவின்ரை சத்தத்தைக் கேட்டியெண்டால் அவவைப் பாடமாக்கி ஒப்புவிப்பாய். கண்ணைப் பார், காகிதத்தைப் பார். அவ்வளவு காணும்."

பவானி அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். கோபம் வந்தால் சத்தம் உயராது. மரியாதைதான் உயரும். வழக்கத்தில் எனக்கு 'நீ'. பிழை விட்டால் 'நீங்கள்'. "நீங்கள் ஒருக்கால் வெளியிலை போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்கோ" என்றால் அன்றைய நாள் முடிந்தது என்று அர்த்தம். பதிவு முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேட்பார். வலது பெருவிரல் மேசையில் மெதுவாகத் தட்டும். தட்டு நின்றால் அந்த இடத்தில் பிழை. கடைசிவரை நிற்காமல் தட்டினால் எழும்பித் தேத்தண்ணி போடப் போவார். பாராட்டு என்று எதுவும் கிடையாது, தேத்தண்ணிதான்.

பலாலி வீதி பஸ்களுக்கு இடையில்தான் பதிவு. ஹோர்ன் சத்தம் வந்தால் மறுபடி முதலிலிருந்து. பஸ்ஸைச் சமாளிக்கலாம், ஐஸ்கிறீம் வானைத்தான் சமாளிக்க முடியாது. அது எங்கள் சின்னத் தெருவான ஒழுங்கைக்குள்ளேயே பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும்.

இப்படி முதல் பாதியில் கடைசிக்கு முந்திய பகுதி வரைக்கும் வந்துவிட்டோம். அதில்தான் வந்தது பிரச்சினை.

அந்தப் பகுதியின் பிரதியில் மனேஜர் கையில் கடிதத்தோடு கதவைத் திறந்து வந்து, ஒப்பரேற்றரை வேலையிலிருந்து நிறுத்துகிறார். அவள் கெஞ்சுகிறாள். அம்மாவுக்குச் சுகமில்லை என்கிறாள். கடைசியில் அழுதுகொண்டு போகிறாள். படத்திலோ கதவு திறக்கவே இல்லை. மனேஜரைக் காணவில்லை. வெல்மா இரண்டு தடவை கதவைப் பார்க்கிறார். பிறகு பலகைக்குத் திரும்பி, வயரைச் செருகி, நான்கு நிமிடம் கதைக்கிறார். வாயைப் பேசுகுழாய் மறைத்திருந்ததால் என்ன கதைக்கிறார் என்பது படத்தில் தெரியாது.

நாங்கள் என்ன செய்தோம்? மனேஜர் கதவுக்கு வெளியே நின்று கதைக்கிறார் என்று வைத்துக்கொண்டோம். ஜெறாட் அண்ணை ஒலிவாங்கிக்கு முதுகைக் காட்டி நின்று, தூரத்தில் இருப்பது போல அதட்டினார். நான் கெஞ்சினேன். நன்றாகவே கெஞ்சினேன். ஒரு இடத்தில் மட்டும் இடறியது. கெஞ்சிக்கொண்டிருக்கும்போது வெல்மாவின் கண் சிரித்தது.

"அக்கா, உவ ஏன் சிரிக்கிறா?"

"வெக்கத்திலை சிரிக்கிறா. செய்."

செய்தேன். பெருவிரல் கடைசிவரை தட்டியது. தேத்தண்ணி வந்தது. பகுதி கொழும்புக்குப் போனது.

அடுத்த பகுதியின் பிரதியைப் பிரித்தபோது இரண்டு விசயம் உறுத்தியது. வேலை போனவள் ஒன்றுமே நடக்காதது போலப் பலகைக்கு முன்னால் இருக்கிறாள். அதைவிட, எல்லோரும் அவளை 'எட்னா' என்று கூப்பிடுகிறார்கள். இவ்வளவு காலம் பெயரில்லாதவளுக்கு எங்கிருந்து பெயர் வந்தது? மனேஜர் மன்னித்துவிட்டார் என்று நானே ஒரு வசனம் எழுதிச் சேர்த்துச் சமாளித்தேன். பெயருக்குச் சமாளிப்புக் கிடைக்கவில்லை.

ஒரு புதன்கிழமை. அந்த அலைவரிசையின் முகநூல் பக்கத்துக்கு வெல்மாவைப் பற்றி ஒரு குறிப்பு எழுதத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் முதுமையில் கொடுத்த பேட்டி ஒன்று அகப்பட்டது. அதில் சொல்கிறார்: தொடரிலிருந்து தன்னை அனுப்பிவிட முடிவெடுத்து, அதற்காகவே ஒரு காட்சி எழுதியிருந்தார்களாம். ஒளிபரப்பு அன்று பனிப்புயல். மனேஜராக நடித்தவர் வந்து சேரவில்லை. கமரா ஓடுகிறது, கதவு திறக்கவில்லை. தன் வாழ்க்கையில் தானே எழுதிய வசனம் அந்த நான்கு நிமிடம்தான் என்றும், அதற்குப் பிறகு தன்னை அனுப்பும் பேச்சு எழவே இல்லை என்றும், எட்னா என்பது தன் அம்மாவின் பெயர் என்றும் சொல்லியிருந்தார்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்த மனுசி நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கத் தன் வேலையைத் தானே காப்பாற்றியிருக்கிறார். நான் அவரைத் தமிழில் கெஞ்சவைத்து, அழவைத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

நான் கெஞ்சிய அந்தப் பகுதி ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பாக இருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் இலங்கையில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. திறந்தால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். கொடுத்த பகுதியைத் திருப்பிக் கேட்டால் இரண்டாம் பாதி சென்னைக்குத்தான் என்று அந்த அலைவரிசையின் அதிகாரி முதல் நாளே சொல்லியிருந்தார். அந்த இரண்டாம் பாதியை நம்பித்தான் பவானி அக்கா கூடத்துக்குப் புதிய ஒலிவாங்கி எடுத்திருந்தார். ஜெறாட் அண்ணை வேறு இடத்தில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

வியாழன் காலை போய்ச் சொன்னேன். 'நீங்கள்' வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

பவானி அக்கா ஜெறாட் அண்ணையைப் பார்த்து, மூல ஒலியோடு படத்தைப் போடச் சொன்னார். அலுமாரிக்குள் கிடந்த, சத்தம் நீக்காத படப் பிரதியை அவர் எடுத்துப் போட்டார். ஒரே இரைச்சல், மழைக்குள் நின்று கதைப்பது போல. ஆனாலும் ஒன்று தெளிவாகக் கேட்டது. ஒளிபரப்பு அரங்கில் இருந்த பார்வையாளர்கள் சிரித்தார்கள். ஒரு தடவையல்ல, விழுந்து விழுந்து. வேலை போகிறவளைப் பார்த்து எவரும் அப்படிச் சிரிக்கமாட்டார்கள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். பெருவிரல் அசையவே இல்லை.

"நீ கேட்டனி, ஏன் சிரிக்கிறா எண்டு," என்றார். "நான்தான் வெக்கம் எண்டனான். காகிதமும் பிழை, நானும் பிழை."

என் கண் முன்னாலேயே கொழும்புக்குப் போன் எடுத்தார். சுற்றிவளைக்கவில்லை. எங்களில் பிழை, திருத்த வேண்டும் என்றார். எதிர்முனையில் அதிகாரி நீளமாகக் கதைத்தார். அக்கா, "ஓம், விளங்குது" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். சனிக்கிழமை மத்தியானத்துக்கு முதல் வந்தால் மாற்றுவார்கள். இரண்டாம் பாதியைப் பற்றிப் பிறகு கதைப்பார்களாம். பிறகு கதைப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

அடுத்த சிக்கல், அந்த இரைச்சலுக்குள் வெல்மா சொல்வது என்ன? என் ஆங்கிலம் புத்தக ஆங்கிலம். பாதி வசனம் பிடிபடவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் கௌசி மச்சாளின் நினைவு வந்தது. வாடிக்கையாளர் தொலைபேசி நிலையத்தில் எட்டு வருடமாக வேலை செய்கிறாள். நாள் முழுக்க இரைச்சலுக்குள் வட அமெரிக்கக் குரல்களைக் கேட்பதுதான் அவளுக்குச் சம்பளம். துண்டு துண்டாக ஒலியை அனுப்பினேன். தன் சாப்பாட்டு இடைவேளை முழுவதையும் அதற்கே கொடுத்து, குரல் பதிவாக ஒவ்வொரு வரியையும் திருப்பி அனுப்பினாள். கடைசிப் பதிவில், "எடியே, இவ கெட்டிக்காரியடி. நான் என்ரை மனேஜருக்கு ஒரு நாளும் இப்பிடிச் சொல்லேல்லை" என்றாள்.

வெல்மா செய்தது இதுதான். வராத மனேஜரைத் தொலைபேசியில் வரவைத்தார். பனியில் அகப்பட்ட மனேஜர் போனிலேயே தன்னை வேலையிலிருந்து நிறுத்தட்டும் என்று, லைனைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அவர் நிறுத்தத் தொடங்கும் போதெல்லாம், கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்லிவிட்டு டொக்டருக்கும் வெதுப்பகத்துக்கும் லைன் கொடுத்தார். என்னை நிற்பாட்டினால், நிற்பாட்டின செய்தியைச் சொல்ல உங்களுக்கு ஆர் லைன் தருவினம் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பிறகுதான், மனேஜர் கொண்டுவந்திருக்க வேண்டிய அந்தக் கடிதத்துக்கு வந்தார்.

வெள்ளிக்கிழமை முற்பகல் கோயில் ஒலிபெருக்கி. அது ஓய்ந்த பிறகு பதிவுக்கு நின்றேன். வழக்கமாகத் துண்டு துண்டாகத்தான் எடுப்போம். அன்று நான்கு நிமிடத்தையும் ஒரே தொடராக எடுப்போம் என்று கேட்டேன். வெல்மாவுக்கு இரண்டாவது தடவை கிடைக்கவில்லை, எனக்கும் வேண்டாம் என்றேன். பவானி அக்கா வாயைத் திறக்கும் முன் ஒழுங்கை முனையில் ஐஸ்கிறீம் வானின் பாட்டுக் கேட்டது.

அக்கா எழும்பினார். "நான் போய் அவனை மறிக்கிறன். நீ கதை."

அவர் இல்லாமல் நாங்கள் ஒரு வசனமும் பதிந்ததில்லை. ஜன்னல் சாத்த முன்பு கீழே பார்த்தேன். வானின் பக்கத்தில் நின்று, பாட்டை நிற்பாட்டச் சொல்லி, ஐஸ்கிறீம் ஒன்றைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, வான்காரரிடம் எதையோ விசாரித்துக்கொண்டிருந்தார். ஜெறாட் அண்ணை விரலைக் காட்டினார். தொடங்கினேன்.

அந்த நான்கு நிமிடத்தில் பஸ் வரவில்லை. வந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. கதவை இரண்டு தடவை பார்த்தேன், வெல்மா பார்த்த அதே இடத்தில். பலகை இல்லை, வயர் இல்லை, இருந்தாலும் கை தானாகச் செருகியது. கடைசியில் அந்த வரி வந்தது.

"கடிதத்திலை ஆரின்ரை பேர் எழுதியிருக்கு, சேர்? ஒப்பரேற்றர் எண்டோ? அப்ப அது எனக்கில்லை. என்ரை பேர் எட்னா. இவ்வளவு காலத்திலை நீங்கள் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. லைனிலை இருங்கோ சேர், வேறை ஆரோ கூப்பிடினம்."

வெல்மாவின் கண் சிரித்தது. இந்தத் தடவை எனக்கு ஏனென்று தெரியும்.

பவானி அக்கா மேலே வந்தார். கையிலிருந்த ஐஸ்கிறீம் உருகி முழங்கைவரை வடிந்திருந்தது. கை கழுவாமலே இருந்து, திரையை அணைத்துவிட்டுக் கண்ணை மூடினார். இடக்கைப் பெருவிரல்தான் அன்று தட்டியது, வலக்கை ஒட்டிக்கொண்டிருந்தபடியால். 'அது எனக்கில்லை' என்ற இடத்தில் தட்டு நின்றது. பிழை என்று நினைத்தேன். பார்த்தால் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க.

தேத்தண்ணி போட ஜெறாட் அண்ணைதான் போனார்.

ஞாயிறு ஒளிபரப்பானது. திங்கள் ஒன்றும் இல்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை கொழும்பிலிருந்து அதிகாரி போன் எடுத்தார். தன் அலுவலகத்தில் லிகிதராக எழுத்துவேலை பார்க்கும் ஒரு பெண், 'லிகிதர்' என்று மட்டும் விலாசமிட்ட குறிப்பு ஒன்றைத் திருப்பி அனுப்பி, இது எனக்கில்லை என்று எழுதியிருக்கிறாவாம். அதைச் சொல்லிக் கொஞ்சம் சலித்துக்கொண்டார். பிறகு, மிச்சப் பகுதிகளை எப்போது அனுப்பலாம் என்று கேட்டார்.

இரண்டாம் பாதி முழுவதும் யாழ்ப்பாணத்திலேயே முடிந்தது. வெல்மா அந்தத் தொடரில் பேசிய ஒவ்வொரு வசனத்தையும் நான் பேசியிருக்கிறேன். எங்கள் சட்டமும் மாறியது. பதிவின்போது மூல ஒலி இல்லைதான், ஆனால் தமிழாக்கும் முன் மூன்று பேரும் ஒருக்கால் முழுவதையும் கேட்போம். தன் சட்டத்தை ஒரு பிழைக்காக மாற்றிய மேலாளரிடம் வேலை செய்தேன் என்பதும் என் பெருமையில் சேர்த்திதான்.

தொடர் முடிந்தபோது அந்த அலைவரிசை என்னிடம் ஒன்று கேட்டது. என் குரலைச் சில மணித்தியாலம் பதிந்து கொடுத்தால், அடுத்த தொடர்களுக்குக் கணினி அதே குரலில் பேசுமாம். கணினியை நான் குறை சொல்லவில்லை. காகிதத்தில் இருப்பதைப் பிழையில்லாமல் வாசிக்கும். நானும் ஒருக்கால் காகிதத்தில் இருந்ததைப் பிழையில்லாமல் வாசித்தேன். என்ன நடந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். கேட்டு வந்த பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடிய பதிலும் அதுதான்: கதவு திறக்காத இடத்தில் என்ன சொல்வது என்று பழகுங்கள். வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டு, ஓய்வு பெற்றேன்.

ஓய்வு என்றாலும் சும்மா இருக்க வராது. இப்போது என்னுடைய நாடகம் ஒன்று எழுதி முடித்திருக்கிறேன். காங்கேசன்துறையில் கப்பல் பயணச்சீட்டு அலுவலகம் ஒன்று. அங்கே தொலைபேசிக்குப் பதில் சொல்லும் பெண். இன்றைக்குக் கப்பல் வருமா வராதா என்று ஊரே அவளிடம் கேட்கிறது, அவளுக்கும் தெரியாது. இணையத்தில், ஒவ்வொரு கிழமையும், நேரடியாக. பதிவு கிடையாது, திருத்தம் கிடையாது. இந்தத் தடவை என் வாயும் தெரியும்.

ஒலிக்கு ஜெறாட் அண்ணை சம்மதித்துவிட்டார். அவளுடைய மேலாளராக நடிக்கப் பவானி அக்காவைக் கேட்கப் போனேன். பிரதியை நின்றபடியே முழுக்க வாசித்தார். முதல் நாளே வந்து என்னை வேலையிலிருந்து நிறுத்தும் பாத்திரம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். 'நீங்கள்' வந்தது, ஆனால் கண் சிரித்தது.

"நேரடியாப் போகேக்கை, மழை பெய்து நான் வந்து சேராட்டி நீங்கள் என்ன செய்வியள்?"

"அப்ப வராதேங்கோ அக்கா," என்றேன்.